விடுபட்ட இரண்டு வரிகள்

1

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன், ஓர் இசைக்குழு அலுவலகத்தின் இரண்டாம் மாடிப் பிரதி அறையில், கணினித் திரையில் திறந்திருந்த இசைத்தாளின் எல்லாச் சுரங்களும் ஒரே நேரத்தில் சிவப்பாயின.

இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. நான் அந்தக் கட்டடத்துக்குப் போனது வேறு வேலையாக. ஒத்திகைக் கூடத்தின் கூரை ஒழுகுகிறது, பியானோவுக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். தார்ப்பாயைப் பார்த்தாயிற்று. மேலாளருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து அறையில் பிரதி தயாரிக்கும் பெண்மணி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அறையில் வேறு ஆள் இல்லை. யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எளிதாகன்னு எழுதினவனை."

கூரைக் கட்டுரை இரண்டு பத்தியோடு நின்றுவிட்டது. இது வளர்ந்தது. சிவந்த சுரங்களும் அந்தத் திட்டும் அவர் எனக்குச் சொன்னவை. தங்கையை நான் சேர்த்தேன். [இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தங்கைமேல் உங்களுக்கு அக்கறை வந்தபிறகு சொன்னால் ஏமாற்றியதாக ஆகும். இப்போது சொல்லியும் அக்கறை வந்தால் அது உங்கள் பாடு.]

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "இசை என்பது காற்றில் எழுதப்படும் ஓர்—"

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் இசை தாளில் எழுதப்படுகிறது. எழுதுகிறவருக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

இரண்டாம் வரைவு: "அவளுக்குக் கணினி என்றாலே பயம்."

இது பொய். அது மட்டுமல்ல, இந்தக் கதையில் யார்மேல் எனக்குக் கோபமோ அவர்கள் சொல்லும் அதே பொய். இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளை அவள் பல வருடமாகப் புழங்குகிறாள். அதன் குணம், கோணல், எந்தப் பக்கத்தில் முரண்டு பிடிக்கும் எல்லாம் அத்துப்படி. தெரியாதது ஒன்றே ஒன்று: அந்த மென்பொருளுக்குள்ளேயே சின்னச் சின்னக் கட்டளைகளை எழுதி, கையால் ஆயிரம் தடவை செய்யும் வேலையை ஒரே தடவையில் செய்ய வைப்பது. அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். அதைச் சொல்லித்தரும் பாடங்கள் இணையத்தில் உண்டு. தொடக்கநிலையாளர்களுக்கு என்று மேலே போட்டிருக்கும். ஒரு விஷயத்தில் தொடக்கநிலையில் இருப்பவருக்கு உலகத்தில் எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு, சுரம் என்றால் என்ன, கணினியை எப்படித் திறப்பது என்றெல்லாம் அந்தப் பாடங்கள் விளக்கும். விளக்க வேண்டிய இடம் வந்ததும் "எளிதாக" என்று சொல்லித் தாண்டிவிடும்.

[கவனித்திருப்பீர்கள்: முதல் பகுதியில் அவர், இப்போது அவள். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை ஒரு படி இறங்கிவிடுகிறது. எழுதுகிறவர்கள் இதற்கு வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் வெட்கப்படவில்லை, குறித்து மட்டும் வைக்கிறேன்.]

3

குழுவில் அவளை எல்லோரும் பேப்பரக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். கோல்காரரிடம்* இருக்கும் முழுத்தாளிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் அதன் பங்கைப் பிரித்து, வாசிப்பவரின் கை சும்மா இருக்கும் இடத்தில் பக்கம் முடியுமாறு அமைத்து, அச்சிட்டு, தாங்கிகளில் வைப்பது அவள் வேலை. வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் அவள் நினைவே வராது. பக்கம் புரட்ட முடியாமல் யாராவது தடுமாறினால், "பேப்பரக்கா எங்கே" என்று குரல் வரும்.

* குழுவின் முன்னால் நின்று கோல் பிடிப்பவர். நடத்துநர் என்று எழுதிப் பார்த்தேன். யாரோ சில்லறை கேட்பதுபோல் இருந்தது. வாசிப்பவர்கள் வைத்த பெயரையே எடுத்துக்கொண்டேன்.

அவள் தங்கை அதே குழுவில் செல்லோ வாசிக்கிறாள். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய கருவி. இரண்டு வருடமாக அவள் பார்வையின் நடுவில் புகை படிந்ததுபோல ஒன்று மெல்லப் பரவிவருகிறது. கோல் தெரிகிறது, பக்கத்தில் இருப்பவர் தெரிகிறார், பெரிதாக அச்சிட்ட சுரங்கள் தெரிகின்றன. சுரங்களுக்கு மேல் பொடிசாக நிற்கும் வில்குறிகள்தான் சிரமம்.

வில்குறி என்பது கடைக் கதவில் எழுதியிருப்பதுதான்: இழு, தள்ளு. தலைகீழாக நிற்கும் 'ப' போல ஒன்று இருந்தால் வில்லை வலப்பக்கம் இழுக்க வேண்டும். கீழே கூர்மையான கோணம் ஒன்று இருந்தால் இடப்பக்கம் தள்ள வேண்டும். எங்கே எது என்பதை முதல் நாற்காலியில் உட்காரும் செல்லோக்காரர் முடிவு செய்வார், வரிசை முழுக்க அப்படியே செய்யும். ஒரு வில் மட்டும் எதிர்ப்பக்கம் போனால் காதில் பெரிதாக விழாது. கண்ணில் விழும். கூடத்தின் கடைசி வரிசையிலிருந்துகூடத் தெரியும்.

தங்கைக்காக அக்கா தனியாக ஒரு பெரிய தாள் அச்சிடுவாள். சுரங்களைப் பெரிதாக்குவது ஓர் அமைப்பில் முடிந்துவிடும். வில்குறிகளை இன்னும் பெரிதாக்கி நீலமாகவும் மாற்றிக் கொடுத்தால் பளிச்சென்று தெரியும் என்று தங்கை சொன்னாள். அதற்கு ஒவ்வொரு குறியாகச் சொடுக்கி, அளவை மாற்றி, நிறத்தை மாற்ற வேண்டும். ஒரு கச்சேரிக்குச் செய்தாள். மணிக்கட்டில் பட்டை கட்டும்படி ஆயிற்று. அடுத்த கச்சேரி வந்தது. பாடத்தைத் தேடினாள்.

4

பாடத்தை எழுதியவர் பெயர் தெரியாது. ஆந்தை என்ற புனைபெயரும் ஓர் ஆந்தைப் படமும் மட்டும் இருந்தன. முதல் வரி: "இசைக்குறிப்பு மென்பொருளுக்குள் எவரும் எளிதாக ஸ்கிரிப்ட் எழுதலாம்!" முதல் பயிற்சி, சுரங்களின் நிறத்தை மாற்றுவது. அவளுக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதுவே. சுரத்துக்குப் பதிலாக வில்குறி, சிவப்புக்குப் பதிலாக நீலம். இதைச் செய்துபார்த்துப் பிடிபட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அன்று காலைதான் முதல் நாற்காலிக்காரர் வந்து உட்கார்ந்து, கடைசிப் பகுதியின் வில்குறிகளைப் புதிதாகச் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் முழுத்தாளில் ஏற்றி, மற்றவர்களின் தாள்களை அச்சிட்டு அடுக்கியாயிற்று. தங்கையின் பெரிய தாள் மட்டும் பாக்கி.

"கீழே உள்ளதை எளிதாக நகலெடுத்து ஒட்டி, இயக்குங்கள். வாழ்த்துகள், நீங்களும் நிரலாளர்தான்!" என்றது பாடம்.

இயக்கினாள். வயலின், குழல், கொம்பு, செல்லோ எல்லாம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவந்தன.

ஒரு சுரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு இயக்கினால் அது மட்டும் மாறும், எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் மொத்தத் தாளும் மாறும் என்று பாடத்தில் இல்லை. கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் செய்து பாருங்கள் என்று இல்லை. மூன்றாவதாக இன்னொன்றும் பாடத்தில் விடுபட்டிருந்தது. அதை அவள் பிறகுதான் கண்டுபிடித்தாள். இந்தக் கதையில் எனக்குக் கோபம் வரக் காரணம் அந்த மூன்றாவது.

செய்ததைத் திரும்பப் பெற எல்லோரும் அமுக்கும் அண்டூவை அமுக்கினாள். சிவப்பு போகவில்லை. மறுபடி அமுக்கினாள். லிப்ட் வராதபோது பொத்தானை விடாமல் குத்துவோமே, அப்படி அமுக்கினாள். முதல் பக்கம் அசையாமல் சிவப்பாகவே இருந்தது. அலுத்துப்போய், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மெனுவிலிருந்து கறுப்பைக் கொடுத்தாள். கறுத்தது. நீலத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கையின் தாளைப் பெரிதாக்கி அச்சிட்டாள். சுரம் சரியா, பக்கம் புரட்டும் இடம் சரியா என்று பார்த்தாள். காலையில் தன் கையால் போட்ட குறிகளைச் சந்தேகப்பட அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

[வழக்கமாக இந்த இடத்தில் கதாசிரியன் உண்மையை ஒளித்துவைப்பான். நான் ஒளிக்கப்போவதில்லை. ஒளித்துவைப்பவர்களைத் திட்டுவதற்காக எழுதும் கதை இது. நடந்தது என்னவென்றால்: அந்த மென்பொருளில் ஸ்கிரிப்ட் செய்யும் மாற்றத்துக்கு முன்னால் 'தொடங்குகிறேன்' என்று ஒரு வரியும் பின்னால் 'முடித்தேன்' என்று ஒரு வரியும் இருக்க வேண்டும். இருந்தால் மொத்த மாற்றமும் ஒரே செயலாக அதன் நினைவில் பதியும். ஒரு அண்டூவில் திரும்பிவிடும். பாடத்தில் அந்த இரண்டு வரிகளும் இல்லை. அதனால் சிவப்பு நினைவில் பதியவேயில்லை. அண்டூவை அமுக்கியபோது, மென்பொருள் தன் நினைவில் இருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நினைவில் இருந்தவை அவள் காலையில் போட்ட வில்குறிகள். ஒரு அமுக்கலுக்கு ஒன்றாக, கடைசிப் பக்கத்திலிருந்து அவை போயின. அவள் பார்த்துக்கொண்டிருந்ததோ முதல் பக்கம்.]

5

வியாழக்கிழமை ஒத்திகை. கடைசிப் பகுதியில் செல்லோக்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒன்றாகச் சேரும் இடம் வந்தது. தாளில் ஒன்றும் போடாவிட்டால் அந்த இடத்தில் யாரும் வில்லை இழுத்துத்தான் தொடங்குவார்கள். முதல் நாற்காலிக்காரருக்கு அங்கே மென்மையான தொடக்கம் வேண்டியிருந்ததால் தள்ளு என்று குறி போடச் சொல்லியிருந்தார். வரிசை முழுக்கத் தள்ளியது. ஒரு வில் மட்டும் இழுத்தது.

கோல்காரர் நிறுத்தினார். திரும்ப வாசிக்கச் சொன்னார். அதே இடத்தில் அதே வில் எதிர்ப்பக்கம் போனது.

"செல்லோ," என்றார், பெயர் சொல்லாமல். "பார்த்து வாசிங்க."

மூன்றாம் முறை தங்கை பக்கத்தில் இருந்தவரின் கையைப் பார்த்துத் தாமதமாகத் தள்ளினாள். கோல்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்த மேலாளரைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். தார்ப்பாயிலிருந்து சொட்டும் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. [வாளியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கூரைக் கட்டுரையில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். இருக்கட்டும்.]

வீட்டுக்கு வந்ததும் தங்கை செல்லோவைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அடுக்களையில் நின்றுகொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த இடத்துல குறி இருந்துச்சா?"

"இருந்துச்சே. நானே போட்டேன்."

தங்கை தலையாட்டினாள். சாப்பிடும்போது தண்ணீர்க் குவளையைத் தொட்டுப் பார்த்து எடுத்தாள். அதற்கு முன்பு அவள் அப்படி எடுத்ததில்லை.

இந்தப் பகுதியை நான் எழுதி முடித்துவிட்டு எழுந்து நடந்தேன். ஒரு பாடத்தில் இரண்டு வரி இல்லாமல் போனது, ஒருத்தி தன் கண்ணையே நம்பாமல் போகும் இடம் வரை வந்துவிட்டது. அக்கா சொன்னது பொய்யும் இல்லை. அவளுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னாள்.

மறுநாள் மேலாளர் தங்கையைக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, ரொம்ப இதமாகப் பேசினார். இந்தக் கச்சேரிக்கு மட்டும் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை, புதன்கிழமைக்குள் சொன்னால் போதும் என்றார். அந்த 'மட்டும்' எப்படிப்பட்ட மட்டும் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். கொம்பு வாசித்த ஒருவர் உதட்டுப் புண்ணுக்காக ஒரு கச்சேரிக்கு மட்டும் ஓய்வெடுத்தார். இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

6

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா தங்கையின் தாளையும் பக்கத்து நாற்காலிக்காரரின் தாளையும் மேசைமேல் அடுத்தடுத்து விரித்தாள். குறி இருக்கும், தங்கைக்குத் தெரியும்படி அதை எப்படிப் பெரிதாக்குவது என்று பார்க்கத்தான் விரித்தாள். பக்கத்துத் தாளில் தலைகீழ் 'ப'க்களும் கோணங்களும் வரிசையாக நின்றன. தங்கையின் தாளில் கடைசிப் பக்கம் மொட்டையாக இருந்தது.

தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ எனக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு," என்றாள்.

அக்கா கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, குறிகளை அதில் கையால் மறுபடி ஏற்றி, பாடத்தை வரிக்கு வரி மறுபடி செய்து பார்த்தாள். இந்த முறை கடைசிப் பக்கத்தைத் திரையில் வைத்துக்கொண்டு அண்டூவை அமுக்கினாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு குறி காணாமல் போனது. பிறகுதான் அந்த மென்பொருளின் பெரிய கையேட்டில், யாரும் போகாத ஓர் அத்தியாயத்தில், தொடங்கும் வரியையும் முடிக்கும் வரியையும் கண்டாள்.

பாடத்தின் கீழே எழுதினாள். கோபமாக அல்ல, நடந்ததை மட்டும். இரண்டு வரிகளைச் சேர்க்கவும், நகலில் செய்யுங்கள் என்று ஒரு வாக்கியம் போடவும் கேட்டாள்.

மறுநாள் காலை ஆந்தையின் பதில் வந்திருந்தது: "தொடக்கநிலையாளர்களைக் குழப்ப வேண்டாம் என்றுதான் அந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டேன். அவை இல்லாமல் அண்டூ சரியாக வேலை செய்யாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே." அதற்குக் கீழே இன்னொருவர், அசல் கோப்பில் யாராவது சோதனை செய்வார்களா என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மை ஒன்றை வைத்திருந்தார். சிரிப்புப் பொம்மைக்கு ஏழு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

எடுத்துவிட்டேன். அதாவது வரிகள் இருந்தன. தெரிந்தே எடுத்திருக்கிறார்.

7

[ஆந்தையைப் பற்றிய சந்தேகம்.]

வில்லன் வேண்டாம் என்று நினைத்தேன். ஆந்தைக்கு ஒரு வாழ்க்கை கொடுத்துப் பார்த்தேன். மருந்துக்கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு, அந்த ஓய்விலும் ஊர் பேர் தெரியாதவர்களுக்காகச் சம்பளமில்லாமல் பாடம் எழுதும் மனிதர். முதல் வரைவில் எல்லா எச்சரிக்கைகளையும் போட்டிருந்தார். "ரொம்ப நீளம், பயமா இருக்கு" என்று படித்தவர்கள் சொல்ல, ஒவ்வொன்றாக எடுத்தார். நன்றாகவே வந்தது. படித்தால் உங்களுக்கு அவரைப் பிடித்துப்போகும்.

எடுத்துவிட்டேன். மருந்துக்கடையில் நிற்கும் மனிதர், குழப்ப வேண்டாம் என்று சீட்டிலிருந்து 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்பதைக் கிழித்துவிட்டுக் கொடுப்பாரா? சும்மா கொடுக்கும் சோறு என்பதற்காகக் கல்லோடு கொடுக்கலாமா? சம்பளமில்லாத வேலைக்கு நன்றி சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் விழுந்தவரைப் பார்த்து, இங்கே பள்ளம் இருப்பது எல்லோருக்கும் தெரியுமே என்று சொல்லும் உரிமையை அந்த நன்றி தருவதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்றால் பாடம் எதற்கு?

'எளிதாக' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது வேலை எப்படிப்பட்டது என்று சொல்வதாகத்தான் தோன்றும். வேலை முடியாதபோதுதான் அது உங்களைப் பற்றிச் சொன்னது என்று புரியும். எளிதான ஒன்றையே உன்னால் செய்ய முடியவில்லை என்று, எழுதியவர் வீட்டில் நிம்மதியாக இருக்க, அந்தச் சொல் உங்கள் அறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்.

8

சனியும் ஞாயிறும் அக்கா தானே ஒரு பாடம் எழுதினாள். மூன்று வரைவு. ஒவ்வொன்றையும் தங்கைக்கு வாசித்துக் காட்டினாள். தங்கைக்கு ஸ்கிரிப்ட் பற்றி ஒன்றும் தெரியாது; அதனால்தான் அவளுக்கு. எங்கே தங்கை "ம்?" என்றாளோ அங்கே ஒரு வாக்கியம் கூடியது. அந்தப் பாடம் இப்படித் தொடங்குகிறது:

"முதலில் உங்கள் கோப்பின் நகல் ஒன்றை எடுங்கள். எடுத்துவிட்டீர்களா? எடுத்தபிறகு அடுத்த வரிக்கு வாருங்கள். அதுவரை இந்தப் பாடம் எங்கும் போகாது.

இப்போது நகலில் ஒரே ஒரு சுரத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்காமல் இயக்கினால் எல்லாமே மாறிவிடும். தொடங்கும் வரியும் முடிக்கும் வரியும் இல்லாமல் இயக்கினால், அண்டூ உங்கள் சொந்த வேலையை அழிக்கும். எனக்கு அழித்தது. அது எப்படி இருக்கும் என்று கீழே படத்தில் காட்டியிருக்கிறேன். அப்படி ஆனால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது."

எனக்குத் தெரிந்து, வழி தவறினால் திரும்புவது எப்படி என்று முதலிலேயே சொல்லும் பாடம் இது ஒன்றுதான். கதைகளும் அப்படிச் சொல்வதில்லை. நான் முயன்று பார்க்கிறேன்: நீங்கள் இந்த இடத்தில் தொலைந்திருந்தால், தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். தாளில் குறி இல்லை. தங்கையின் கண்மேல் பழி விழுந்தது. புதன்கிழமைக்குள் அவள் நாற்காலி போய்விடும்.

9

திங்கட்கிழமை அக்கா மேலாளரைப் பிரதி அறைக்கு அழைத்து வந்தாள். இரண்டு தாள்களையும் காட்டினாள். அவர் பார்த்தார். அக்கா தங்கைக்காகப் பேசுவது இயல்புதான் என்றார். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார். அதனால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே உக்காருங்க சார்," என்றாள். "பாடத்துல என்ன போட்டிருக்கோ அதை மட்டும் செய்ங்க. நான் வாயே தெறக்கல."

திறந்தே வைத்திருந்த நகல் ஒன்றைக் காட்டிவிட்டு எழுந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமைக் குறிகளை அதில் மறுபடி கையாலேயே ஏற்றி வைத்திருந்தாள். மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆந்தையின் பாடத்தைப் படித்தார். எளிதாக என்றிருந்ததால் தைரியமாகவே செய்தார். தாள் சிவந்தது.

"ஐயையோ. என்ன இது?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் அண்டூவை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பிறகு விடாமல் அமுக்கினார். முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டு அமுக்கினார்.

"சிவப்பு போக மாட்டேங்குதே?"

"போகாது சார். கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்க."

போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பக்கம் மொட்டையாகத்தான் இருந்தது.

"இதைத்தான் தங்கச்சி வாசிச்சா," என்றாள் அக்கா. "தாள்ல இல்லாததைப் பாக்கலைன்னு சொல்றீங்க."

மேலாளர் கோல்காரரிடம் தானே சொல்வதாகச் சொன்னார். சொல்லவும் செய்தார். மாலையில் பதிலோடு வந்தார். தாளில் தவறு என்பதைக் கோல்காரர் ஒத்துக்கொள்கிறார். இருந்தாலும் ஒரு நிம்மதிக்காக, புதன்கிழமை ஒத்திகைக்கு முன்னால், தங்கை அந்தப் பகுதியைத் தனியாக ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். ஒன்றுமில்லை, சும்மா ஒரு சம்பிரதாயம்.

தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். மேலாளர் போனதும் சொன்னாள்.

"தப்பு பண்ணது தாளு. பரீட்சை எனக்கா? அந்தத் தாளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லு."

அக்கா கெஞ்சினாள். வரிசையில் அவளைவிட அந்தப் பகுதியைச் சுத்தமாக வாசிப்பவர் யாருமில்லை, போய் வாசித்துவிட்டு வந்தால் பேச்சு முடிந்தது என்றாள்.

"ரெண்டு நிமிஷ வேலைடி. உனக்கு அது—"

"சொல்லு. எளிதுன்னு சொல்ல வந்தே."

அக்கா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

10

முடிவுகள்.

(அ) தங்கை போய் வாசிக்கிறாள். கோல்காரரின் கண்கள் கலங்குகின்றன. கோலைக் கீழே வைத்துவிட்டு— இல்லை. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. தன்மேல் தவறில்லாத ஒருத்தி, தன் நாற்காலிக்காக அழகாக வாசித்துக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் முடிவு இது. அழகாக வாசிக்காமல் போயிருந்தால்? அப்போது தாளின் தவறு அவள் தவறாகிவிடுமா?

(ஆ) தங்கை மறுக்கிறாள். செல்லோவைத் தூக்கிக்கொண்டு, தள்ளு என்று எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறாள். படிப்பவர் எழுந்து கைதட்டலாம். பிறகு அவள் எங்கே வாசிப்பாள் என்று கைதட்டியவர் கேட்க மாட்டார்.

(இ) ஆந்தை வேறு யாருமில்லை, கோல்காரர்தான். ஒரு காலைப்பொழுது முழுக்க இந்த முடிவைக் காதலித்தேன். எல்லாம் பொருந்தியது. அதுதான் அதன் குறை. ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு பேர், ஒருவர் பாடத்தில், ஒருவர் கூடத்தில், ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியும் என்பதை அது மறைத்துவிடும்.

எனவே புதன்கிழமை ஒத்திகைக்கு முன்னால் கோல்காரரின் அறையில் என்ன நடந்தது என்பதை எழுதாமல் விடுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. தங்கை உள்ளே போனாளா, போய் வாசித்தாளா, வாசிக்க மாட்டேன் என்று சொல்லத்தான் போனாளா, அக்கா முன்னால் போய்க் கதவைத் தட்டினாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எந்த முடிவை எழுதினாலும், எல்லோருக்கும் தெரிந்ததே என்று எதையும் தாண்டிப் போகாதீர்கள். கோல்காரர் மன்னிப்புக் கேட்டதாக எழுதினால், எந்த வார்த்தையில் கேட்டார் என்றும் எழுதுங்கள்.

11

புதன்கிழமை ஒத்திகை நேரத்துக்குத் தொடங்கியது. தங்கை தன் நாற்காலியில் இருந்தாள். தாங்கியில் புதிய தாள் இருந்தது, வில்குறிகள் பெரிதாக, நீலமாக. ஸ்கிரிப்ட் போட்ட குறிகள் அவை. கடைசிப் பகுதியில் செல்லோக்கள் சேரும் இடத்தில் எல்லா வில்லும் ஒரே பக்கம் தள்ளின. கோல்காரர் நிறுத்தாமல் மேலே போனார்.

அக்காவின் பாடம் அந்த இணையதளத்தில் பரிசீலனையில் இருக்கிறது.

ஆந்தையின் பாடத்தில் இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் அடியில், மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'சிறு திருத்தம்' என்று இருக்கிறது. முதல் வரியில் 'எளிதாக' அப்படியே இருக்கிறது.